மங்கிய வைர மோதிரம்: அழுக்கு அடியில்தான் இருந்தது

மேலே எவ்வளவு துடைத்தும் மோதிரக் கல் மங்கலாகவே இருந்தது. காரணம் கல்லின் அடிப்பக்கம். வைரத்தில் எண்ணெய்ப் பசை சட்டென ஒட்டும். கை கிரீமும் சோப்புப் படிவும் அடியில் சேர்ந்தால் உள்ளே போன வெளிச்சம் சரியாகத் திரும்பி வராது.

ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் நாலு சொட்டு விட்டு 30 நிமிடம் ஊறவைத்தேன். பிறகு குழந்தைகளுக்கான மெத்தென்ற பிரஷால் பின்புறத் துளை வழியாகத் தேய்த்ததும் சாம்பல் நிறப் பசை திரிதிரியாக வந்தது. அலசியதும் கிண்ணத்திலேயே. சிங்க்கில் வேண்டவே வேண்டாம், கல் கழன்றால் போனதுதான்.

பற்பசை தங்கத்தைக் கீறும். குளோரின் பிளீச் இன்னும் மோசம்: தங்கத்தோடு கலந்த உலோகங்களை அரித்து, கல்லைப் பிடிக்கும் கொக்கிகளையே பலவீனமாக்கும்.

காய்ந்ததும் காதருகே வைத்து லேசாகத் தட்டிப் பாருங்கள். கல் ஆடும் சத்தம் கேட்டால் கொக்கி தளர்ந்திருக்கிறது. பொற்கொல்லரிடம் காட்டும்வரை அணியாதீர்கள்.