கொழகொழக்காத ஓட்ஸ் கஞ்சி

அப்பாவுக்கு ஓட்ஸின் ருசியில் குறை இல்லை. அதன் பதம்தான் பிடிக்கவில்லை. "வெண்டைக்காய் நறுக்கின கை மாதிரி இருக்கும்மா" என்று இரண்டு வாயோடு கிண்ணத்தைத் தள்ளிவிடுவார். ஒரு மாதம் தினமும் காலையில் விதவிதமாகக் காய்ச்சிப் பார்த்துத்தான் அவருக்குப் பிடித்த பதத்துக்கு வந்தேன்.

கொழகொழப்புக்குக் காரணம் பீட்டா குளுகான் என்ற நார்ச்சத்து. தண்ணீரில் கரைந்து கோந்து போல் ஆவது அதுதான். கொலஸ்டிராலைக் குறைக்க உதவுவதும் அதே நார்ச்சத்துதான். அதனால் அதைக் கழுவிக் கொட்ட வேண்டாம், கிண்டிக் கிண்டி வெளியே இழுக்காமல் இருந்தால் போதும்.

பாக்கெட்டில் 'ரோல்டு ஓட்ஸ்' என்று இருக்கிறதா பாருங்கள். கெட்டி அவல் போல முழு இதழாக இருக்கும். குயிக் ஓட்ஸ் மெல்லிசு, பொடித் துண்டு. சட்டென்று கூழாகிவிடும். ஸ்டீல் கட் என்பது முழுத் தானியத்தை நொய் போல வெட்டியது. மென்று சாப்பிட நன்றாக இருக்கும், ஆனால் அரை மணி நேரம் வேக வேண்டும், பல் வலுவும் வேண்டும்.

அரை கப் ஓட்ஸை அரை டீஸ்பூன் நெய்யில், ரவை வறுப்பது போல, சிறு தீயில் நாலு நிமிடம் வறுங்கள். வாசனை வந்து ஓரம் லேசாகச் சிவந்தால் சரி. இதைத் தவிர்க்கவே கூடாது. வறுத்த இதழ் சீக்கிரம் குழையாது.

அப்புறம் ஒன்றேகால் கப் தண்ணீரை உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்க விட்டு அதில் ஓட்ஸைச் சேருங்கள். பச்சைத் தண்ணீரில் போட்டு அடுப்பை ஏற்றினால் மாவுச்சத்து மெல்ல மெல்லக் கரைந்து எல்லாம் பசையாகிவிடும். ஸ்காட்லாந்தின் கார்பிரிட்ஜில் 1994 முதல் கஞ்சி காய்ச்சும் போட்டி நடக்கிறது. அங்கே முதன்மைப் பிரிவில் ஓட்ஸ், தண்ணீர், உப்பு மட்டும்தான். அவர்கள் ஸ்பர்டில் என்ற உருண்டைக் குச்சியால் கிண்டுவது கஞ்சி கட்டி தட்டாமல் வழவழவென்று வரத்தான். எங்கள் வீட்டில் வேண்டியது வேறு. போட்டதும் ஒரு தரம், நடுவில் ஒரு தரம் அடியோடு திருப்பிவிடுகிறேன், அவ்வளவுதான்.

சிறு தீயில் ஐந்து நிமிடம். கொஞ்சம் தளரவே இருக்கும்போது அடுப்பை அணைத்து மூடி வையுங்கள். மூன்று நிமிடத்தில் மீதித் தண்ணீரை இதழ்கள் தாமே இழுத்துக்கொள்ளும். கெட்டியாகும் வரை அடுப்பிலேயே விட்டால் தட்டில் போடும்போது களியாகியிருக்கும்.

பால் என்றால் காய்ச்சிய பாலைக் கடைசியில் ஊற்றுங்கள். அப்பாவுக்கு மோர்தான். கை பொறுக்கும் சூடு வரை ஆறவிட்டு ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, பக்கத்தில் ஒரு மோர் மிளகாய்.

மிஞ்சியது இறுகிவிட்டால் கரண்டியால் மசிக்காதீர்கள். கால் கப் வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் விடுங்கள், தானே இளகிவிடும்.