பிள்ளையின் சத்திரசிகிச்சைக்குக் காசு சேர்க்கும்போது விடக்கூடாத பிழைகள்

மட்டக்களப்பு மாவட்டத்தின் வாகரையிலோ வெல்லாவெளியிலோ ஒரு பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை என்று தெரிந்தால், அடுத்த கிழமையே தாயின் நகை அடகுக்குப் போய்விடும். அவசரப்பட வேண்டாம். அரச வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கொழும்பு பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் அப்படித்தான். முதலில் கிளினிக்கில் டொக்டரிடம் கேளுங்கள்: எங்கே செய்வது, எவ்வளவு காலம் பொறுக்கலாம், வெளியில் காசு கொடுத்துச் செய்ய வேண்டியது ஏதும் உண்டா? பொறுக்க முடியாது என்றால் அதைக் கடிதமாக வாங்குங்கள். உதவி கேட்டுப் போகும் இடமெல்லாம் முதலில் கேட்பது அதைத்தான்.

தனியாரில்தான் செய்ய வேண்டும் என்றால், காசு கட்டிய பிறகு, சிகிச்சைச் செலவுக்கு உதவும் அரச நிதியமான ஜனாதிபதி நிதியத்தைத் தேடாதீர்கள்; முன்கூட்டியே விண்ணப்பியுங்கள். இதற்காகக் கொழும்புக்கு அலையவும் தேவையில்லை. 2025 பெப்ரவரியிலிருந்து உங்கள் பிரதேச செயலகத்திலேயே கொடுக்கலாம். படிவத்தில் வைத்திய நிபுணர் நிரப்பும் பகுதி வெறுமையாக இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். கிராம உத்தியோகத்தரின் வருமான உறுதிப்படுத்தலும் வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், கிளினிக் கொப்பியில் வேறொரு பெயர் என்று இருந்தால் அதை முதலில் திருத்துங்கள்.

ஊரில் காசு சேர்ப்பவர்கள் பிள்ளையின் பெயரில் கணக்குத் திறப்பதுண்டு. அப்படிச் செய்ய வேண்டாம்: 18 வயதாகும் வரை அதில் காசு எடுப்பது பெரும் சிக்கல். பெற்றோரும் கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகத்தில் ஒருவரும் சேர்ந்து கையெழுத்திடும் கூட்டுக் கணக்கு நல்லது. பேஸ்புக்கில் போடும்போது அடையாள அட்டையையும் மருத்துவ அறிக்கையையும் படமெடுத்துப் போடாதீர்கள். அவற்றை ஆதாரமாகக் காட்டி, கணக்கு இலக்கத்தை மட்டும் மாற்றி அதே பதிவை வேறொருவர் பரப்பினால், உங்களுக்கு வரவேண்டிய காசு அவருக்குப் போய்விடும். தேவையான தொகை சேர்ந்ததும் பதிவை எடுத்துவிடுங்கள்.

பலர் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. தாய் வார்டில் பிள்ளையோடு நிற்பார். தகப்பன் வெளியே தங்க வேண்டும், சாப்பிட வேண்டும், அந்த நாட்களுக்குக் கூலியும் இல்லை. வீட்டில் மற்றப் பிள்ளைகளுக்கும் அரிசி வேண்டும். பிறகு கிளினிக்குக்குத் திரும்பத் திரும்பக் கொழும்பு போகவேண்டி வரும். சேர்த்ததில் ஒரு பங்கை இதற்கென்று ஒதுக்கி வையுங்கள். நுண்கடன் மட்டும் எடுக்காதீர்கள். தவணை கட்டும் நாளில் நீங்கள் வார்டில் இருப்பீர்கள்.

காய்ச்சலோ சளியோ இருந்தால் சத்திரசிகிச்சை பெரும்பாலும் தள்ளிப்போகும், போய்வந்த செலவு இரட்டிக்கும். இதய நோயுள்ள பிள்ளைக்குச் சூத்தைப் பல் இருந்தால் அதன் கிருமி இரத்தத்தில் கலந்து இதயத்தைத் தாக்கலாம். ஆகவே திகதி கிடைத்ததும் பல் வைத்தியரிடம் காட்டுங்கள். புறப்படும் முன் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் வண்டி ஏறாமல் வார்டுக்குத் தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.