வொயிட் பீக் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் மவுண்டன் பைக்: முதல்முறை ஓட்டுகிறவர்களுக்கு

இங்கிலாந்தின் பீக் டிஸ்ட்ரிக்ட் தேசியப் பூங்காவுக்கு மவுண்டன் பைக் ஓட்டப் போகிறவர்கள் பலர் நேராக வடக்கே இருக்கும் கரடுமுரடான மணற்பாறை மலைகளுக்குப் போய்விடுகிறார்கள். புதிதாகப் பழகுகிறவர்கள் தெற்கே, வொயிட் பீக் எனப்படும் சுண்ணாம்புக்கல் பகுதியில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கே பழைய ரயில் பாதைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் விட்டிருக்கிறார்கள். அந்தச் சமதளத்தை விட்டு நூறடி விலகினாலே உண்மையான மலைத்தடம் ஆரம்பித்துவிடும். முடியவில்லை என்றால் திரும்பிச் சமதளத்துக்கு வந்துவிடலாம். கற்றுக்கொள்கிறவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

பேக்வெல் ஊருக்குப் பக்கத்தில் தொடங்கி, பழைய ரயில் பாதையான மான்சல் டிரெயிலில் போய், பிரஷ்ஃபீல்டு மேட்டில் ஏறி இறங்கும் ஒரு நாள் ஓட்டத்தை இங்கே சொல்கிறேன்.

1. வரைபடத்தில் தொடங்குங்கள்

இங்கிலாந்தில் கண்ணில் படும் எல்லாப் பாதையிலும் சைக்கிள் ஓட்ட முடியாது. ஃபுட்பாத் நடப்பவர்களுக்கு மட்டும். பிரைடில்வே என்பது குதிரைக்காரர்களுக்கான பாதை. 1968ஆம் ஆண்டுச் சட்டம் அதில் சைக்கிளையும் அனுமதித்தது, ஆனால் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருபவர்களுக்கும் நாம்தான் வழிவிட வேண்டும். வழியில் நிற்கும் கம்பங்களைப் பாருங்கள்: நீல அம்பு என்றால் பிரைடில்வே, போகலாம். மஞ்சள் அம்பு என்றால் ஃபுட்பாத், திரும்பிவிடுங்கள்.

பிரிட்டனின் அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்24 என்ற தாளில் இந்தப் பகுதி முழுவதும் இருக்கிறது. பச்சையில் நீளக் கோடுகளாக இருப்பது பிரைடில்வே, குட்டைக் கோடுகளாக இருப்பது ஃபுட்பாத். போனில் பார்ப்பதானால் வீட்டிலேயே டவுன்லோடு செய்துவிடுங்கள். பள்ளத்தாக்குக்குள் இறங்கினால் சிக்னலை நம்ப முடியாது.

2. சைக்கிளும் காற்றும்

முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள சாதாரண மவுண்டன் பைக் போதும். சொந்தமாக இல்லாவிட்டால், டிரெயிலை ஒட்டிய ஹாசப் ஸ்டேஷனில் வாடகைக்குக் கிடைக்கும். இங்கிலாந்தில் வலது கை பிரேக்தான் முன்சக்கரத்துக்கு. கிளம்புமுன் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.

கவனிக்க வேண்டியது டயரில் இருக்கும் காற்று. ரோட்டில் ஓட்டிப் பழகியவர்கள் டயரைக் கல்லாக அடித்து வைப்பார்கள். கல் பாதையில் அப்படிப் போனால் சக்கரம் துள்ளும், பிடிப்பு போய்விடும். அதற்காக ரொம்பவும் இறக்கினால் கூரான கல்லில் மோதும்போது டியூப் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே நசுங்கி, இரண்டு ஓட்டைகளுடன் பஞ்சராகும். டியூப் போட்ட அகலமான டயர், 70 கிலோ எடையுள்ள ஆள் என்றால் 28 முதல் 30 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். எடை கூடுதலானால் அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். பின்சக்கரத்தில் ஒன்றிரண்டு பிஎஸ்ஐ அதிகம் இருக்கட்டும்.

பையில் ஒரு டியூப், டயர் கழற்றும் லீவர், பம்ப், மழைக்கோட்டு. தலையில் ஹெல்மெட், கையில் கிளவுஸ். அப்புறம் ஒரு முன்விளக்கு. ஏன் என்று சொல்கிறேன்.

3. முதல் பாதி: மான்சல் டிரெயில்

1968இல் மூடப்பட்ட ரயில் பாதை இது. பேக்வெலிலிருந்து பிளாக்வெல் மில் வரை 8.5 மைல், அதாவது ஏறக்குறைய 13.7 கிலோமீட்டர். சுரங்கப்பாதைகள் ஆபத்தானவை என்று பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன, 2011இல்தான் திறந்தார்கள். பெரியவை ஒவ்வொன்றும் சுமார் 400 மீட்டர் நீளம். உள்ளே பகலில் மட்டுமே விளக்கு எரியும். தாமதமாகிவிட்டால் கும்மிருட்டுதான், முன்விளக்கு அதற்குத்தான். கோடையிலும் உள்ளே குளிரும்.

ஹாசப்பிலிருந்து மேற்கே போகும்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஏற்றம் இருக்கும். கால் கனப்பதாகத் தோன்றினால் கவலைப்படாதீர்கள், திரும்பி வரும்போது அதுவே உதவும். இந்தத் தூரத்தைப் பயிற்சிக்குப் பயன்படுத்துங்கள். சீட்டிலிருந்து எழுந்து, இரண்டு பெடலும் தரைக்கு ஒரே உயரத்தில் இருக்கும்படி நின்றுகொண்டே உருட்டிப் பாருங்கள். முழங்கையையும் முழங்காலையும் லேசாக மடக்கி வையுங்கள். பிரேக்கை ஒரே விரலால், அமுக்கிப் பிடிக்காமல் மெதுவாகக் கூட்டிப் பழகுங்கள். மேலே ஏறிய பிறகு இதைப் பழக நேரம் இருக்காது.

ஹெட்ஸ்டோன் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் சட்டென்று வெளிச்சம், காலுக்குக் கீழே 1863இல் கட்டிய பாலம், அதற்கும் கீழே வளைந்தோடும் வை ஆறு. இங்கே எல்லாரும் நிற்பார்கள். நீங்களும் நில்லுங்கள், ஓரமாக.

4. ஏற்றம்

பாலத்தைத் தாண்டியதும் பிரஷ்ஃபீல்டு பக்கம் போகும் பிரைடில்வே மேலேறுகிறது. ஏற ஆரம்பிக்குமுன்பே சின்ன கியருக்கு மாற்றிவிடுங்கள். மேட்டில் அழுத்தி மிதிக்கும்போது மாற்றினால் செயின் முரண்டு பிடிக்கும். சீட்டின் முன்நுனிக்கு நகர்ந்து, மார்பைத் தாழ்த்தி உட்காருங்கள். எழுந்து நின்று மிதித்தால் பின்சக்கரத்தில் எடை குறைந்து சரளையில் வழுக்கும். தள்ளிக்கொண்டு ஏறுவதிலும் தவறே இல்லை.

ஏறும்போது ஒரு வேலை இருக்கிறது: கற்களைப் பாருங்கள். ஏறிய வழியிலேயே இறங்கப் போகிறீர்கள். எங்கே சரளை, எங்கே அசையாத பாறை, எங்கே மழைத்தண்ணீர் அரித்த பள்ளம் என்பதைக் கவனித்து வைத்தால் இறக்கத்தில் பாதி பயம் போய்விடும்.

ஓரத்தில் காரை பூசாமல் அடுக்கிய கல் சுவர்கள் கூடவே வரும். மூச்சு வாங்க நிற்கும்போது அந்தக் கற்களை உற்றுப் பாருங்கள். சில கற்களில் வளையம் வளையமாகக் கோடு போட்ட சிறு தண்டுகள் தெரியும். 30 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்த இடம் வெப்பமான ஆழமற்ற கடலாக இருந்தபோது வாழ்ந்த கடல் அல்லிகள் என்ற உயிரினங்களின் தண்டுகள் அவை. நீங்கள் மிதித்து ஏறும் குன்றே அந்தக் கடலடியில் படிந்ததுதான்.

மேலே போனபிறகு தண்ணீரைத் தேடாதீர்கள். சுண்ணாம்புக்கல்லின் விரிசல்கள் வழியாக மழைநீர் உள்ளே இறங்கிவிடும், மேட்டில் ஓடை பார்ப்பது அரிது. இங்குள்ள கிராமங்களுக்குக் கிணறும் ஊற்றும் எவ்வளவு பெரிய விஷயம் என்பது டிசிங்டன் ஊருக்குப் போனால் தெரியும். அங்கே ஆண்டுதோறும் ஈரக் களிமண் பூசிய பலகையில் பூவிதழ்களைப் பதித்துப் படம் செய்து கிணறுகளை அலங்கரிக்கிறார்கள். நீங்கள் குறைந்தது ஒன்றரை லிட்டராவது கொண்டு போங்கள்.

5. இறக்கம்

சரி, இதற்குத்தான் வந்தோம். சீட்டைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள். பெடல்கள் சமமாக, இடுப்பு சீட்டுக்குப் பின்னால், குதிகால் தாழ்ந்து இருக்கட்டும். பார்வை முன்சக்கரத்தில் அல்ல, பத்துப் பதினைந்து அடிக்கு அப்பால். கண் போகும் இடத்துக்குத்தான் சைக்கிளும் போகும்.

காய்ந்த சுண்ணாம்புக்கல்லில் டயர் நன்றாகப் பிடிக்கும். நனைந்தால் கதையே வேறு. காலும் குளம்பும் பட்டுப் பட்டு மழமழப்பான பாறை, மழைக்குப் பிறகு சோப்புத் தேய்த்த தரைதான். மரநிழலில் பாசியும் சேர்ந்துகொள்ளும். வெளியே வெயிலில் எல்லாம் காய்ந்த பின்பும் அங்கே ஈரம் இருக்கும். அப்படிப்பட்ட பாறைக்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிடுங்கள். பாறைமேல் இருக்கும்போது பிரேக்கும் வேண்டாம், திருப்பமும் வேண்டாம். ஹேண்டிலை நேராக வைத்து உருண்டு கடந்துவிடுங்கள். முன் பிரேக்கை அங்கே பிடித்தால் சக்கரம் பக்கவாட்டில் போய்விடும். சந்தேகம் வந்தால் இறங்கி நடங்கள். நல்ல மழை பெய்த அன்று பிரஷ்ஃபீல்டுக்கு ஏறவே வேண்டாம், டிரெயிலில் மில்லர்ஸ் டேல் வரை போய்த் திரும்புங்கள்.

6. வாசல்களும் மாடுகளும் மனிதர்களும்

பிரைடில்வே விவசாயிகளின் நிலத்துக்குள்ளேயே போகிறது. மூடியிருந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், திறந்து கட்டியிருந்ததை அப்படியே விடுங்கள். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே நுழையாதீர்கள், சுற்றிப் போங்கள். குதிரையைப் பின்னாலிருந்து நெருங்கினால் தூரத்திலேயே "ஹலோ" என்று குரல் கொடுங்கள். மனிதக் குரல் கேட்டால் குதிரை மிரளாது, ஓட்டுகிறவரும் எந்தப் பக்கம் போகலாம் என்று சொல்வார். மெல்ல, தள்ளிப் போங்கள். டிரெயிலில் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளும் நாய்களும் நிறைய. வேகம் பார்க்கிற இடம் அதுவல்ல.

7. வீட்டுக்கு வந்ததும்

அன்றைக்கே சைக்கிளைக் கழுவிவிடுங்கள். சுண்ணாம்புச் சேறு காய்ந்தால் செயினிலும் பிரேக்கிலும் இறுகிவிடும், பிறகு சுரண்டத்தான் வேண்டும். பிரஷ்ஷும் சாதாரணத் தண்ணீரும் போதும். பிரஷர் பம்ப் பேரிங்குக்குள் நீரைத் தள்ளிவிடும். செயினைத் துடைத்து உலர்த்தி, எண்ணெய் விட்டு, மேலே மிஞ்சியதைத் துணியால் எடுத்துவிடுங்கள். டயரைச் சுற்றிலும் கையால் தடவிப் பார்த்து, குத்தியிருக்கும் முள்ளையும் கல் சில்லையும் பிடுங்கிவிட்டு மாட்டி வையுங்கள். அடுத்து நீளமாகப் போக ஆசை வந்தால் பார்ஸ்லி ஹேவுக்குப் போங்கள். டிசிங்டன் டிரெயிலும் ஹை பீக் டிரெயிலும் அங்கேதான் சேருகின்றன.