பெரிய கோயில் நிழல் தரையில் விழுமா? மொட்டை மாடியில் ஒரு சோதனை

தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின் நிழல் தரையில் விழாது என்று பள்ளிச் சுற்றுலாவில் கேட்டிருப்போம், வாட்ஸ்அப்பிலும் வந்திருக்கும். விழும். ஆனால் இப்படி ஒரு பேச்சு ஏன் கிளம்பியது என்பதில்தான் சுவாரசியம் இருக்கிறது. அதை நீங்களே கண்டுபிடிக்க ஓர் அட்டை, ஸ்கேல், கத்தரிக்கோல், நல்ல வெயில் போதும்.

படி 1: பேச்சைத் தெளிவாக்குங்கள்

இங்கே கோபுரம் என்பது வாசல் கோபுரம் அல்ல, கருவறைக்கு மேலே எழும் விமானம். உயரம் ஏறத்தாழ 216 அடி. அடிப்பகுதி ஏறத்தாழ நூறடிச் சதுரம். அப்புறம், நிழல் எந்த நேரத்தில் விழாது? அதை மட்டும் யாரும் சொல்வதில்லை!

படி 2: மாதிரி செய்யுங்கள்

அடி 10 செ.மீ., உயரம் 22.5 செ.மீ. உள்ள நான்கு முக்கோணங்களை வெட்டி ஒட்டுங்கள். சுமார் 22 செ.மீ. உயரமுள்ள கூம்பு கிடைக்கும். கோயிலின் அளவு விகிதமும் கிட்டத்தட்ட இதுதான்.

படி 3: வெயிலில் வையுங்கள்

காலை 8 மணிக்கும் மாலை 4 மணிக்கும் பாருங்கள். கூம்பின் உயரத்தைவிட நீளமாக நிழல் தரையில் கிடக்கும். கோயிலிலும் அப்படித்தான், மாலையில் நிழல் கிழக்கே நீளும்.

நடுப்பகலில்தான் விஷயம் இருக்கிறது. சூரியன் உச்சியிலிருந்து சுமார் 13 பாகைக்குள் இருந்தால், கூம்பு முனையின் நிழல் அதன் அடிச் சதுரத்தைத் தாண்டாது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 11 பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. அதனால் ஏறக்குறைய மார்ச் நடுவிலிருந்து செப்டம்பர் கடைசி வரை, உச்சிப்பொழுதில் விமானத்தின் முனை நிழல் விமானத்தின் மேலேயே விழுந்துவிடுகிறது. பள்ளி விடுமுறையில் பகல் 12 மணிக்குப் போய், கல்தளம் சுடச்சுட அண்ணாந்து பார்ப்பவருக்கு 'நிழலே இல்லையே' என்றுதான் தோன்றும். அந்தச் சூட்டில் சுற்றி நடந்து பார்க்க யாருக்குப் பொறுமை?

இதே சோதனையை டிசம்பர் 21ஐ ஒட்டி நடுப்பகலில் செய்யுங்கள். மாதிரியின் நிழல் வடக்கே கிட்டத்தட்ட 10 செ.மீ. வெளியே வரும். கோயிலில் அது கிட்டத்தட்ட 100 அடி.

படி 4: கட்டியவர் என்ன சொன்னார் என்று பாருங்கள்

முதலாம் இராஜராஜன் இந்த விஷயத்தில் நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். 'நாம் குடுத்தனவும் அக்கன் (அதாவது அக்கா) குடுத்தனவும்' என்று தொடங்கி, கொடுத்தவற்றையெல்லாம் சுவரில் வெட்டி வைத்தார். தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது கி.பி. 1010இல், உச்சியில் வைக்கச் செப்புக் குடம் கொடுத்ததுவரை அதில் இருக்கிறது. நாளைக்கூட விடாமல் எழுதிய மனிதர், நிழலைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்ளவில்லை.

சரி, விமானத்தின் உச்சியில் இருக்கும் சிகரம் 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்றும் சொல்கிறார்களே? அது பல கற்களை இணைத்துக் கட்டியது. பெரிய நந்தியும் நாயக்கர் காலத்தது, சோழர் வைத்ததல்ல.

படி 5: நேரில் போக ஆசையா?

ஏப்ரல் 18, ஆகஸ்ட் 24 இவற்றை ஒட்டிய நாட்களில் பகல் 12.15 வாக்கில் போய் நில்லுங்கள். சூரியன் நேர் உச்சியில் இருக்கும். அப்போது உங்கள் நிழலும் உங்கள் காலடியைத் தாண்டாது.