புயல் வருகிறது: படகோடு இருப்பதா, கிளம்புவதா?

புதிதாகப் படகு வாங்கியவர்கள் முதல் புயலில் கேட்பது இதைத்தான். "ஆள் இருந்தால் படகு தப்பும்" என்று யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். 100 கிலோமீட்டர் வேகக் காற்றில் ஒரு கயிறு அறுந்தால் அதைக் கையால் பிடித்து மறுபடி கட்ட யாராலும் முடியாது. படகைக் காப்பாற்றுவது புயலுக்கு முந்தைய பகலில் செய்யும் வேலைதான்.

1. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்ணைக் கவனியுங்கள். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3 ஏறினாலே வேலையைத் தொடங்கிவிடுங்கள். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். அப்போது படகுப் பக்கமே போகக்கூடாது.

2. புயல் எங்கே கடக்கும் என்று பாருங்கள். நம் கிழக்குக் கரையில், கடக்கும் இடத்துக்கு வடக்கே இருந்தால் காற்று கடலிலிருந்து கரைக்கு அடிக்கும். கடல் நீர் ஏறுவதும் அங்கேதான் அதிகம்.

3. கெடு வையுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தது நள்ளிரவுக்குப் பிறகு. காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே வலுத்துவிடும், ரோட்டில் மரம் சாயும். ஆகவே வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புவதாக முடிவு செய்யுங்கள். வேலை பாதியில் நின்றாலும் சரி, அந்த நேரத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

4. கட்டும் வேலை. ஃபைபர் படகு என்றால் எஞ்சினைக் கழற்றி, வலையோடு வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, நாலு பேரைக் கூப்பிட்டுப் படகை முடிந்தவரை மேட்டுக்கு இழுத்துவிடுங்கள். விசைப்படகு துறைமுகத்திலேயேதான் நிற்க வேண்டும். கயிற்றை இறுக்கிக் கட்டினால், நீர் ஏறும்போது அறுந்துவிடும். நீளமாக, கொஞ்சம் தளர்த்திக் கட்டுங்கள். பெரும்பாலும் கயிறு அறுவது நடுவில் அல்ல, படகு விளிம்பில் உரசும் இடத்தில். அங்கே சாக்கையோ பழைய ரப்பர் குழாயையோ சுற்றிக் கட்டுங்கள். பக்கத்துப் படகோடு மோதாமல் இருக்க லாரி டயர்களைத் தொங்கவிடுங்கள்.

5. பதிவெண் தெரியும்படி படகைப் போட்டோ எடுங்கள். ஆவணங்களைப் பாலித்தீன் பைக்குள் போட்டுக்கொண்டு முகாமுக்கோ கான்கிரீட் வீட்டுக்கோ போய்விடுங்கள்.

அப்புறம் ஒன்று. நடுராத்திரியில் காற்று சட்டென்று அடங்கினால், படகைப் பார்க்க ஓடாதீர்கள். புயலின் கண் மேலே நிற்கிறது என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் அதே காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து அடிக்கும். புயல் கடந்துவிட்டது என்று அறிவிப்பு வந்த பிறகு போங்கள், ஒரு கத்தியும் புதுக் கயிறும் எடுத்துக்கொண்டு.