பி.எச்.சி.யை, அதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தை, பெண்கள் கணக்குக் கேட்பது எப்படி? வேலூர் வட்டாரக் குழுக்களுக்கான செயல்முறை

ஊரில் சுகாதாரக் குழு இருக்கிறதா என்று கேட்டால் பெரும்பாலும் 'இருக்கிறது' என்றுதான் பதில் வரும். கடைசியாக எப்போது கூடியது, எந்தப் பெண் என்ன பேசினார் என்று கேட்டால் பதில் வராது. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம் கிராமந்தோறும் இப்படி ஒரு குழுவையும், அதற்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை நிதியையும் கொடுத்தது. மக்களே சுகாதாரச் சேவையைக் கண்காணிக்கும் முறை 2007-இல் 9 மாநிலங்களில் முன்னோடியாகத் தொடங்கியது. அந்த ஒன்பதில் தமிழ்நாடும் ஒன்று. அதனால் கணக்குக் கேட்பதற்கு யாரிடமும் புதிதாக அனுமதி வாங்க வேண்டியதில்லை. யார் கேட்பது, எதைக் கேட்பது, கிடைத்த பதிலை எந்த மேசைக்குக் கொண்டுபோவது என்பவைதான் தெரிய வேண்டும்.

யார் உட்கார வேண்டும்

எட்டு முதல் பன்னிரண்டு பேர் போதும். அதற்கு மேல் போனால் இரண்டு பேர் பேச, மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கடந்த ஓராண்டில் பிள்ளை பெற்ற ஒரு தாய், பீடி சுற்றும் ஒரு பெண் அல்லது ஷூ கம்பெனிக்குப் போகும் ஒரு பெண், பட்டியலினக் குடியிருப்பிலிருந்து இருவர், பக்கத்தில் இருளர் குடியிருப்போ மலைக் குக்கிராமமோ இருந்தால் அங்கிருந்து ஒருவர், தனியாக வாழும் மூத்த பெண் ஒருவர், மாற்றுத்திறனாளி ஒருவர் என்று சேருங்கள். ஊரில் திருநங்கை இருந்தால் அவரை நேரில் போய் அழையுங்கள். அவருக்கு ஓ.பி. (வெளிநோயாளர்) வரிசையே முதல் தடை. இரண்டு ஆண்களும் வேண்டும். கருத்தடை அறுவைச் சிகிச்சை ஏன் பெண்கள் தலையிலேயே விழுகிறது என்று ஆண்களிடம் கேட்க ஆண்கள்தான் வசதி.

உள்ளாட்சியில் பெண்களுக்கு 50 சதவீத இடம் ஒதுக்கும் சட்டத் திருத்தம் 2016-இல் வந்தது. தலைவர் பெண்ணாக இருந்தால் அழைப்பை அவர் கையிலேயே கொடுங்கள். அவருக்குப் பதிலாகக் கணவர் வந்தால் தேநீர் கொடுத்து உட்கார வைக்கலாம், ஆனால் கையெழுத்தும் கருத்தும் தலைவருடையதாகவே இருக்கட்டும்.

கூட்டத்தின் நேரமும் இடமும் ஆளை வடிகட்டிவிடும். குடியாத்தம் பக்கம் பீடிக்கட்டு கொடுத்துவிட்டு வரும் பெண்ணும், ஆம்பூர், ராணிப்பேட்டையில் கம்பெனி பஸ்ஸில் திரும்பும் பெண்ணும் காலை 11 மணிக்கு வர முடியாது. ஞாயிறு பிற்பகலோ, வார நாளில் இரவு 7 மணியோதான் அவர்களுக்கு ஒத்துவரும். கோவில் மண்டபத்தில் கூடினால் சிலர் வாசலோடு நின்றுவிடுவார்கள். அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோ நல்லது.

நர்சம்மாவை, அதாவது கிராம சுகாதார செவிலியரை, தலைவராக்க வேண்டாம். அவர் வேலையைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். ஆனால் முதல் நாளே அவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்பது விதி. அவர் எத்தனை ஆயிரம் பேரைத் தனியாகப் பார்க்கிறார் என்பதும் உங்கள் கணக்கில் சேர வேண்டிய எண்தான்.

என்ன கிடைக்க வேண்டும் என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும்

உரிமை தெரியாமல் குறை கேட்டால் 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு' என்ற பதிலே வரும். கீழே உள்ளவற்றை ஒரே தாளில் எழுதி, முதல் கூட்டத்தில் வாசியுங்கள்.

2011 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள தாய்-சேய் பாதுகாப்புத் திட்டப்படி, அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, பரிசோதனை, ரத்தம் எல்லாம் இலவசம். சுகப்பிரசவத்துக்கு 3 நாள், சிசேரியனுக்கு 7 நாள் சாப்பாடும் உண்டு. வீட்டிலிருந்து கூட்டிப்போவது, ஓரிடத்திலிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது, திரும்பக் கொண்டுவிடுவது ஆகிய மூன்று வண்டிச் செலவும் அரசுடையது. வர 108, திரும்ப 102.

கர்ப்பம் 12 வாரத்துக்குள் பதிவாகி, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு செய்ததற்கு அரசு தரும் எண்) கையில் இருக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி நின்றுபோகும். அந்த உதவி மொத்தம் 18,000 ரூபாய்: பணமாக 14,000, இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக 4,000. கர்ப்ப காலத்தில் 180, பிரசவத்துக்குப் பின் 180 இரும்புச்சத்து மாத்திரைகள் கிடைக்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் உடனடி ஆபத்து.

அடுத்தது வெளியே அதிகம் பேசப்படாதது. கருக்கலைப்புக்கு 18 வயது நிரம்பிய பெண்ணின் கையெழுத்து மட்டுமே சட்டப்படி வேண்டும், கணவர் கையெழுத்து தேவையில்லை. 2021 திருத்தப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து போதும். குறிப்பிட்ட சூழல்களில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர்கள் முடிவு செய்யலாம். திருமணமாகாத பெண்ணுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2022 செப்டம்பரில் சொல்லிவிட்டது. குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைக்கும் துணைவரின் சம்மதம் கட்டாயமில்லை. பாலியல் வன்முறைக்கு ஆளானவருக்கு அரசு, தனியார் எந்த மருத்துவமனையும் இலவசமாகச் சிகிச்சை தந்தே ஆக வேண்டும், மறுத்தால் குற்றம். பெண்ணுறுப்புக்குள் விரல் விட்டுப் பார்க்கும் 'இரு விரல் பரிசோதனை'க்கு இடமே இல்லை.

வேலூரில் ஐடா ஸ்கடர் 1900-இல் ஒற்றைப் படுக்கை மருத்துவமனை தொடங்கியதன் பின்னணி இந்தப் பக்கம் பலருக்கும் தெரியும். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று வீட்டார் தடுத்ததில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்துபோனார்கள். இன்று பி.எச்.சி.யில் பெண் மருத்துவர் இருக்கலாம். 'வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா' என்று அவரே திருப்பி அனுப்பினால் தடை அப்படியேதான் இருக்கிறது. அதனால்தான் கட்டடத்தையும் மருந்தையும் மட்டும் எண்ணினால் போதாது என்கிறோம்.

வீடு வீடாகக் கேட்பது

ஒரு கிராமத்தில் கடந்த 12 மாதத்தில் பிரசவமான 15 பெண்கள், நீண்டநாள் சர்க்கரை அல்லது ரத்தக் கொதிப்புக்கு மருந்து வாங்கும் 10 பேர், இவர்களைத் தவிர பி.எச்.சி.க்கே போகாத 5 பெண்கள் ஆகியோரிடம் கேளுங்கள். கடைசி ஐந்து பேரைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம், அதைத் தவிர்க்காதீர்கள். வந்தவர்களை மட்டும் கேட்டால் வர முடிந்தவர்களின் கதைதான் கிடைக்கும்.

கேட்பவர் பெண்ணாக இருக்கட்டும். மாமியார் கூட இருந்தால் பாதிக் கேள்விக்கு மாமியார் பதில் சொல்வார். இருவராகப் போனால் ஒருவர் மாமியாரிடம் தனியாகப் பேச்சுக் கொடுக்கலாம். பேரணாம்பட்டு, வாணியம்பாடி பக்கம் உருது பேசும் வீடுகளுக்கும், ஆந்திர எல்லையோரம் தெலுங்கு பேசும் வீடுகளுக்கும் அந்த மொழி தெரிந்தவரே போக வேண்டும். தாளில் பெயர் எழுதாதீர்கள், எண் மட்டும் போதும். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும்.

'சேவை திருப்தியா?' என்று கேட்டுப் பயனில்லை. நடந்ததைக் கேளுங்கள். 108-க்குக் கூப்பிட்டபோது மணி என்ன, வண்டி வந்தபோது மணி என்ன? பிரசவ அறையில் திட்டினார்களா, அடித்தார்களா? உடன் ஒரு பெண்ணை இருக்க விட்டார்களா? குழந்தையைக் காட்ட யாராவது காசு கேட்டார்களா, ஆண் என்றால் எவ்வளவு, பெண் என்றால் எவ்வளவு? காப்பர் டி (கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம்) போடும் முன் உங்களிடம் கேட்டார்களா, அல்லது போட்ட பிறகுதான் தெரிந்ததா? மருந்தை வெளியே வாங்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்களா, எத்தனை ரூபாய் ஆனது? ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் எவ்வளவு கூலி போகிறது? கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, ஆனால் ஓ.பி. நேரம் ஏன் ஒத்துவரவில்லை என்பதற்கு அதில்தான் பதில் இருக்கிறது.

மலைக் குக்கிராமங்களில் தூரத்தை நேரமாக எழுதுங்கள்: நடக்க எவ்வளவு, டோலி கட்டித் தூக்க எவ்வளவு, வண்டி ஏறிய பின் எவ்வளவு. 2023 மே மாதம் அணைக்கட்டு ஒன்றியம் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை சரியான நேரத்தில் மருத்துவமனை போய்ச் சேர முடியாமல் இறந்தது. சாலை இல்லாத மலையில் உடலைத் தாயே சுமந்து நடந்தார். அந்த மலையில் சாலையும் ஒரு சுகாதாரக் கோரிக்கைதான்.

பி.எச்.சி.க்குள் போகும் நாள்

ஒரு வாரம் முன்பே மருத்துவ அலுவலருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று பேருக்கு மேல் போக வேண்டாம். கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வரும் நாளில் போனால் நெரிசல் எப்படி என்று கண்ணால் பார்க்கலாம். பிரசவ வலியில் யாரும் இருந்தால் அந்த அறைப் பக்கமே போகக் கூடாது. படம் எடுக்கக் கூடாது.

பார்க்க வேண்டியவை: பெண்கள் கழிப்பறைக்கு உள்தாழ்ப்பாள், தண்ணீர், விளக்கு, நாப்கின் போட மூடியுள்ள தொட்டி. பரிசோதனை மேசையைச் சுற்றித் திரை. பிரசவ அறையில் ஓடும் தண்ணீர். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். மருந்து இருப்புப் பலகையில் இன்றைய தேதி. புகார்ப் பெட்டியும், அதைத் திறப்பவர் யார் என்ற விவரமும்.

பிறகு ஸ்டாஃப் நர்ஸிடமும் தூய்மைப் பணியாளரிடமும் உட்கார்ந்து கேளுங்கள். இரவுப் பணியில் எத்தனை பேர், காவலாள் உண்டா, காலியிடம் எத்தனை, பணியிடத்துப் பாலியல் தொல்லை பற்றிய 2013 சட்டப்படி உள் குழு இருக்கிறதா? பிரசவ அறையில் எரிந்து விழும் நர்ஸ் இரண்டு ஷிஃப்ட் தொடர்ந்து பார்த்தவராக இருக்கலாம். திட்டியது தவறுதான், அதில் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆனால் ஆள் போடாத அலுவலகத்தை விட்டுவிட்டு நர்ஸை மட்டும் மாற்றினால் அடுத்து வருபவரும் அப்படித்தான் ஆவார்.

எண்ணிப் பார்த்து, சபைக்குக் கொண்டுபோவது

ஒவ்வொரு கேள்விக்கும் நல்ல பதில் சொன்னவர்கள் நூற்றுக்கு 75-க்கு மேல் என்றால் பச்சை, 50 முதல் 75 என்றால் மஞ்சள், அதற்குக் கீழே சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் வண்ணம் புரியும். பட்டியலினக் குடியிருப்புக்கும் மலைக்கும் தனிப் பத்தி போடுங்கள். மொத்த ஊரின் சராசரி பச்சையாக இருக்கும்போது அந்தப் பத்தி சிவப்பாக இருப்பது அடிக்கடி நடக்கும். சராசரியில் அது காணாமல் போகும்.

சாய்தளம், கழிப்பறை, மருந்து, வண்டி, காசு கேட்பது ஆகியவற்றைப் பொதுக் கூட்டத்தில் பேசலாம். கருக்கலைப்பு, வன்முறை, எச்.ஐ.வி. இவற்றில் தனி ஆளின் விவரம் மேடைக்கு வரவே கூடாது. சம்பந்தப்பட்ட பெண் விரும்பினால் பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசலாம், ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு அவருடன் ஒருவர் போகலாம்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மானத்தை முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏறியதைப் பார்த்துவிட்டு எழுந்திருங்கள். 'சுகாதார வசதி மேம்படுத்த வேண்டும்' என்று எழுதினால் யாருக்கும் வேலை இல்லை. 'பெண்கள் கழிப்பறைக் கதவுக்கு 30 நாளில் தாழ்ப்பாள், பொறுப்பு நோயாளர் நலச் சங்கம் (பி.எச்.சி.யின் நிர்வாகக் குழு)' என்று எழுதினால் அடுத்த சபையில் கேட்க முடியும்.

எந்தக் கதவைத் தட்டுவது

புகார்கள் வீணாவதற்கு முக்கியக் காரணம் தவறான அலுவலகம். துணை சுகாதார நிலையமும் பி.எச்.சி.யும் மாவட்ட சுகாதார அலுவலரின் கீழ் வருகின்றன. முன்பு இவரைத் துணை இயக்குநர் என்பார்கள். தாலுகா ஜி.எச். (அரசு மருத்துவமனை) மருத்துவப் பணிகள் இணை இயக்குநரின் கீழ் வருகிறது. அடுக்கம்பாறை போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு டீன். 2019-இல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றானது. பழைய முகவரிக்கு மனு அனுப்பினால் சுற்றிக்கொண்டே இருக்கும். திங்கள்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடம் கொடுத்து எண் வாங்கலாம், முதல்வரின் உதவி மைய எண் 1100-க்கும் பேசலாம்.

காலியிடம், மருந்து வரவு, நிதிச் செலவு இவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்ட மனுதான் வழி. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், 30 நாளில் பதில். வராவிட்டாலோ பாதி மறைத்தாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குக் கட்டணம் இல்லை. 'ஏன் மருந்து இல்லை?' என்று கேட்காதீர்கள், காரணம் சொல்ல அவர்கள் கடமைப்பட்டவர்கள் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 'ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரும்புச்சத்து மாத்திரை இருப்புப் பதிவேட்டின் நகல்' என்று கேளுங்கள்.

ஊரில் பிரசவ மரணம் நடந்தால் இந்த முறை எதுவும் வரிசைப்படி ஓடாது. மரண ஆய்வு மாவட்ட அளவில் நடக்கும்போது ஆட்சியர் நடத்தும் அமர்வில் குடும்பத்தார் பேச வழியுண்டு. எந்த மணிக்கு வலி, எந்த மணிக்கு வண்டி, எங்கிருந்து எங்கே அனுப்பினார்கள், ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று அந்த வாரத்துக்குள் குடும்பத்திடம் உட்கார்ந்து எழுதிவிடுங்கள். மாதம் கடந்தால் மணிக்கணக்கு மறந்துபோய், 'வீட்டில் தாமதம்' என்ற ஒற்றை வரியில் கோப்பு மூடப்படும்.

ஆறு மாதம் கழித்து அதே கேள்விகளை, ஒரு சொல்லும் மாற்றாமல், புதிதாகப் பிரசவமான 15 பெண்களிடம் கேளுங்கள். கேள்வியை மாற்றினால் முன்பு இருந்ததோடு ஒப்பிட முடியாது. முதல் சுற்றில் கேட்ட பெண்களிடமும் ஒருமுறை போய், அவர்கள் சொன்னது எங்கே போனது, என்ன பதில் வந்தது என்று சொல்லிவிட்டு வாருங்கள். சொல்லாமல் விட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.