மாற்றுச் சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு மார்பில் கட்டி தென்பட்டால்

நான் சிறுநீரக மாற்று செய்துகொண்டவள். மார்பில் வலியில்லாத கட்டி கையில் பட்டதும் முதலில் உறுப்பு மாற்று சிகிச்சைக் குழுவைத்தான் அழைத்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மாற்றுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் சைக்ளோஸ்போரின் மருந்தை உட்கொள்ளும் பெண்களுக்குத் தீங்கற்ற நார்க்கட்டி வருவதுண்டு. மார்பகப் புற்றாகவும் இருக்கலாம். அரிதாக லிம்போமா, அதாவது நிணநீர்ப் புற்று. எனக்கு அதுதான். இத்தகைய மருந்துகள் உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கி வைத்திருப்பதால், உடலில் உறங்கிக் கிடக்கும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் விழித்து, பி அணுக்கள் என்னும் ஒருவகை வெள்ளை ரத்த அணுக்களைப் பெருக்கிவிடுகிறது. முதல் ஆண்டில் ஆபத்து அதிகம். பல ஆண்டுகள் கழித்தும் வரும்.

மார்பக எக்ஸ்ரேயான மாமோகிராமை மட்டும் நம்பாதீர்கள். லிம்போமாக் கட்டி சுண்ணாம்புப் புள்ளிகள் இல்லாமல், தெளிவான விளிம்போடு, பரம சாதுவாகத் தெரியக்கூடும். மெல்லிய ஊசியால் உறிஞ்சுவது பெரும்பாலும் போதாது. தடித்த ஊசியால் திசுத்துண்டு எடுக்கும் பயாப்ஸி கேளுங்கள். பரிசோதனைப் படிவத்தில் ‘உறுப்பு மாற்று செய்தவர்’ என்று எழுதச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நின்று எழுத வைத்தேன், முறைத்தார்கள், பரவாயில்லை. அந்த ஒரு வரிதான் சி.டி.20 (பி அணுக்களின் மேல் இருக்கும் புரதம்), வைரஸ் சோதனைகளை ஆய்வகத்துக்கு நினைவூட்டும்.

லிம்போமா உறுதியானால் மார்பகத்தை அகற்ற அவசரப்படாதீர்கள். பெட் ஸ்கேனில் பரவலைப் பார்ப்பார்கள். எதிர்ப்பாற்றல் அடக்கும் மருந்தைக் குறைப்பதே வழக்கமாக முதல் படி. பிறகு அந்த சி.டி.20 புரதத்தைக் குறிவைக்கும் ரிடுக்ஸிமாப் மருந்து, தேவைப்பட்டால் கீமோதெரபி. குறைப்பது மருத்துவர் வேலை. நீங்களாக மாத்திரையை நிறுத்தினால் சிறுநீரகத்தை உடல் நிராகரித்துவிடலாம். குறைக்கும் காலத்தில் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவான கிரியாட்டினினை அடிக்கடி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.